டைக்ஸ்ட்ரா படம் எடுத்த ஊர்களில்

திங்கள், பிரைட்டன்

நெதர்லாந்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் ரினேக்க டைக்ஸ்ட்ரா, 1992 ஆகஸ்ட் 21 அன்று இந்தக் கடற்கரையில் எடுத்த படத்துக்கு ஊரையும் நாட்டையும் தேதியையும் மட்டுமே தலைப்பாக வைத்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் ஹில்டன் ஹெட் தீவிலும் போலந்தின் கொவோப்ஷெக் நகரிலும் பெல்ஜியத்தின் டி பான்னவிலும், மறு ஆண்டு உக்ரைனின் ஒடேசாவிலும் யால்டாவிலும் எடுத்த படங்களுக்கும் அதே வழக்கம்தான். அவற்றிலெல்லாம் நீச்சலுடை அணிந்த ஒரு பையனோ பெண்ணோ, சில சமயம் இருவர் மூவரோ, கடலுக்கு முதுகைக் காட்டி நம்மை நேராகப் பார்த்தபடி நிற்கிறார்கள். கீழே ஒரு பட்டை மணலோ கல்லோ, அதற்கு மேல் ஒரு பட்டை நீர், மீதியெல்லாம் வானம். தலைப்பை மறைத்துவிட்டால் எந்தக் கண்டத்துக் கடல் என்றுகூடச் சொல்ல முடியாது.

ஊரின் பெயரைத் தலைப்பில் எழுதிவிட்டு ஊரைப் படத்திலிருந்து முழுவதுமாக விலக்கிவிடும் இந்த முறை எனக்கு நெடுநாளாக விளங்காமல் இருந்தது. அவர் எதையெல்லாம் சட்டகத்துக்கு வெளியே விட்டார் என்பதை அந்தந்த ஊரிலேயே நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்தின் நோக்கம்.

பிரைட்டனில் விடுவதற்கு நிறையவே இருக்கிறது. 1899-இல் திறக்கப்பட்ட அரண்மனைக் கடற்பாலம் ராட்டினங்களோடும் சூதாட்டப் பொறிகளோடும் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. மேற்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் இருந்தது. டைக்ஸ்ட்ரா இங்கே வந்தபோது அது பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்தாலும் நின்றுகொண்டிருந்தது. 2003-இல் தீப்பிடித்தபின் இன்று துருப்பிடித்த இரும்புக் கூடு மட்டும் நீருக்குள் எஞ்சியிருக்கிறது. கரையோரச் சாலையில் வறுத்த மீனின் வாடை, கைப்பையோடு உணவைப் பிடுங்கப் பார்க்கும் கடற்காகங்கள், வாடகைச் சாய்வு நாற்காலிகள். ஒரு சுற்றுலா அஞ்சலட்டைக்குத் தேவையான யாவும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தக் கரையில் மணல் கிடையாது. கோழிமுட்டை அளவு முதல் கை அளவு வரையிலான கூழாங்கற்கள்தாம். மாலையில் நீரிலிருந்து ஏறிவந்த பதின்ம வயதுப் பிள்ளைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடலுக்குள் ஒருவரையொருவர் அமுக்கி விளையாடியவர்கள் கல்லில் கால் வைத்ததும் விரல்களை மடக்கி, முழங்காலைத் தளர்த்தி, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ஒவ்வோர் அடியாக எடுத்துவைக்கிறார்கள். துண்டு கிடக்கும் இடத்தை அடைந்து அதைத் தோளில் போர்த்தியதும்தான் பழைய மிடுக்கு திரும்புகிறது. அந்தத் துண்டுக்கும் நீருக்கும் இடைப்பட்ட சில கெஜத் தொலைவில் தாம் எப்படித் தோன்றுகிறோம் என்பது அவர்களுடைய கையில் இல்லை. டைக்ஸ்ட்ரா தம் முக்காலியை ஊன்றியது அந்த இடைவெளியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய கேமராவும் அதற்கு ஏற்றது. துருத்தி வைத்த பெரிய கேமரா. 4×5 அங்குல ஃபிலிமை ஒவ்வொரு படத்துக்கும் தனியாகச் செருக வேண்டும். கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, மங்கல் கண்ணாடியில் தலைகீழாக விழும் உருவத்தைக் கூர்மைப்படுத்த வேண்டும். ஃபிலிமைச் செருகியபின் அந்தக் கண்ணாடி மறைந்துவிடுவதால், எடுப்பவர் துணியை விட்டு வெளியே வந்து, எதிரே நிற்பவரைத் தம் வெறுங்கண்ணால் பார்த்தபடியே ஷட்டரை அழுத்துகிறார். இதற்கெல்லாம் சில நிமிடங்கள் ஆகும். எடுத்த எடுப்பில் வைத்துக்கொண்ட புன்னகையை அவ்வளவு நேரம் யாராலும் தாங்கிப்பிடிக்க முடியாது. கேமராவைச் சற்றுத் தாழ்த்தி வைப்பார். பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷ் பயன்படுத்துவார். அதனால் மெலிந்த தோளும் புடைத்த முழங்காலும் கொண்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வானத்திலிருந்து தனித்துப் பிரிந்து, கோயில் தூண் சிற்பத்தின் நிமிர்வோடு நிற்கிறது.

புதன், லிவர்பூல்

நகரத்தில் இறங்கியதும் நேரே உட் தெருவுக்குப் போனேன். இங்கே ‘கிரேஸிஹவுஸ்’ என்ற மூன்று தளக் கிளப் இருந்தது. தளத்துக்கு ஒருவகை இசை. அந்தப் பெயர்ப்பலகை இன்று இல்லை. தெருவில் மதுக்கடைகளும் உணவகங்களும் நெருக்கியடித்து நிற்கின்றன; வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் இரவு ஒன்பது மணிக்கெல்லாம் வாசல்களில் வரிசை சேர்ந்துவிடுகிறது. கடுங்குளிர்காற்றில் கைகளைக் கட்டிக்கொண்டு, குளிருக்கான மேலங்கி இல்லாமல், முழு ஒப்பனையோடு நிற்கும் இளம்பெண்கள்தாம் அந்த வரிசையில் பாதிப்பேர்.

டைக்ஸ்ட்ரா இந்நகருக்கு முதலில் வந்தது 1990-களின் நடுவில். ‘பஸ் கிளப்’ (Buzz Club) என்ற நடனக்கூடத்துக்கு வந்த பதின்மர்களை 1995-இல் படம் எடுத்தார். பிறகு 1996–97-இல், அங்கும் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகே ஸான்டாமிலுள்ள ‘மிஸ்டரி வேர்ல்ட்’ என்ற கிளப்பிலும், 26 நிமிடம் ஓடும் இரு திரைக் காணொளி ஒன்றைப் பதிவு செய்தார். கிளப்புக்குள்ளேயே வெள்ளைச் சுவர் ஒன்றை அமைத்து, கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக அழைத்து அதன்முன் நிறுத்தினார். சுழலும் விளக்குகள், புகை, தள்ளுமுள்ளு, நண்பர்களின் கூச்சல் எல்லாம் சுவருக்கு அப்பால் போய்விட, இசை மட்டும் உள்ளே வருகிறது. நிற்பவர்கள் சூயிங்கம் மெல்கிறார்கள், சிகரெட் புகைக்கிறார்கள், தயங்கித் தயங்கித் தோளை அசைக்கிறார்கள், சிலர் கடைசிவரை ஆடாமலே நின்றுவிடுகிறார்கள்.

2009-இல் கிரேஸிஹவுஸில் எடுத்தபோது, இளைஞர்கள் ஐவரைத் தெரிந்தெடுத்து, அவரவர்க்குப் பிடித்த பாட்டுக்கு ஆடச் சொன்னார். நான்கு சுவர்களில் மாறி மாறித் தோன்றும் அந்தக் காணொளியில், வேடிக்கை பார்க்க யாரும் இல்லாத வெட்கத்தோடு ஆடத் தொடங்குபவர்கள், பாட்டு முற்றும்போது கேமராவை மறந்துவிடுகிறார்கள். இளைஞர் பண்பாட்டைப் படம் பிடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் கூட்டத்தின் பரவசத்தைத்தான் தேடிப் போகிறார்கள். கூட்டத்தைக் கழித்துவிட்டால் ஓர் ஆளிடம் எவ்வளவு ஆட்டம் மிஞ்சுகிறது என்று பொறுமையாகக் காத்திருந்து பார்த்தவர் டைக்ஸ்ட்ரா என்பதே அவர்மீது எனக்குள்ள மதிப்புக்கு முதற்காரணம்.

ஆல்பர்ட் துறையிலுள்ள டேட் லிவர்பூல் கலைக்கூடம் 2023 அக்டோபர் முதல் புதுப்பிப்புப் பணிக்காக மூடப்பட்டிருப்பதால், வெளியே நின்று சிவப்புச் செங்கல் கிடங்கையும் தூண்களையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இந்தக் கட்டடத்தை நான் பார்க்க விரும்பியதற்கு வேறொரு காரணம் உண்டு. அதே 2009-இல், பிக்காஸோ 1937-இல் வரைந்த ‘அழும் பெண்’ ஓவியத்தின் முன்னே பள்ளிச் சீருடை அணிந்த ஒன்பது பிள்ளைகளை நிறுத்தி, அவர்களுக்குத் தோன்றியதைப் பேசவிட்டு, மூன்று திரைகளில் ஓடும் காணொளியாக்கினார் டைக்ஸ்ட்ரா. அவள் ஏன் அழுகிறாள் என்று அவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் தொட்டு வளர்த்துக்கொண்டே போகிறார்கள். கடைசிவரை அந்த ஓவியம் நமக்குக் காட்டப்படுவதில்லை. உலகப் புகழ்பெற்ற ஓர் ஓவியத்தையே சட்டகத்துக்கு வெளியே விடக்கூடியவருக்குப் பிரைட்டனின் கடற்பாலம் எம்மாத்திரம்?

வியாழன், நியூ பிரைட்டன்

டைக்ஸ்ட்ராவுக்கும் இந்தச் சிற்றூருக்கும் தொடர்பு இல்லை. அவருக்கு நேர் எதிரான முறையில் வேலை செய்த டாம் வுட்டுக்காக வந்தேன். அயர்லாந்தில் 1951-இல் பிறந்த வுட், 1978 முதல் 2003 வரை மெர்சி ஆற்றுப் பகுதியிலேயே குடியிருந்து, பேருந்துகளிலும் சந்தைகளிலும் படகுத்துறையிலும் கால்பந்துத் திடலின் வாசலிலும் அன்றாடம் படம் எடுத்தார். ‘ஃபோட்டி மேன்’ என்றுதான் உள்ளூர்க்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். 1980-களில் இங்கிருந்த செல்சி ரீச் என்ற நடனக்கூடத்துக்கு வழக்கமாகப் போய், அங்கே வந்த இளைஞர்களை இடுப்போடு இடுப்பு உரசும் நெருக்கத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார்.

லிவர்பூல் நகரிலிருந்து புறப்படும் மின்ரயில் ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து, அரைமணி நேரத்துக்குள் இங்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறது. கலங்கரை விளக்கமும் பழைய கோட்டையும் உள்ள கரை. எதிர்க்கரையில் துறைமுகப் பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்கின்றன. வுட்டின் படங்களில் ஊர் இண்டு இடுக்கு விடாமல் நிறைந்திருக்கும்: பாதி தெரியும் முகங்கள், சிந்திய பானம், சுவர்க் காகிதத்தின் கோலம், பின்னால் யாரோ முத்தமிடுவது, முன்னால் யாரோ களைத்துப்போய் உட்கார்ந்திருப்பது. தாட்சர் ஆட்சிக் காலத்தில் வேலை இழந்து தவித்த பகுதி இது என்று எழுத்தில் சொல்லாமலே அந்த உடைகளும் அறைகளும் நமக்குச் சொல்லிவிடுகின்றன.

இருவரில் யார் உயர்ந்தவர் என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வுட்டின் இளைஞர்களைப் பார்க்கும்போது அவர்கள் எந்தக் காலத்தவர், எந்த வர்க்கத்தவர், எந்தத் தெருக்காரர் என்பதெல்லாம் தெரிகிறது. அந்தத் தெருக்காரர்களுக்கே அது ஒரு சொத்து. டைக்ஸ்ட்ராவின் இளைஞர்களைப் பார்க்கும்போது அந்த அறிவு எதுவும் கைகொடுக்காததால், எதிரே நிற்பவரை முதலில் ஓர் ஆளாகச் சந்தித்துத்தான் ஆகவேண்டியிருக்கிறது. எனக்கு இரண்டும் வேண்டும்.

வெள்ளி இரவு, ஹல்

ரயிலில் இங்கிலாந்தைக் குறுக்காகக் கடந்து ஹல் துறைமுகத்துக்கு வந்து, ராட்டர்டாம் செல்லும் இரவுக் கப்பலில் ஏறியாயிற்று. அலை அதிகம், நாளை எழுதுகிறேன்.

சனி, ஆம்ஸ்டர்டாம்

டைக்ஸ்ட்ரா 1959-இல் நெதர்லாந்தின் தென்கோடியிலுள்ள சிட்டார்டில் பிறந்து, இந்நகரின் ரீட்ஃபெல்ட் கலைக்கல்லூரியில் படித்தவர். படிப்பு முடிந்தபின் இதழ்களுக்கும் நிறுவனங்களுக்கும் பிரமுகர்களின் உருவப்படங்களை எடுத்துக் கொடுத்துவந்தார். 1990-இல் சைக்கிள் விபத்தில் இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தவர், உடல் தேறுவதற்காக மார்னிக்ஸ் நீச்சல் குளத்தில் நீந்தப் பழகினார். 1991 ஜூன் 19 அன்று, நீந்திக் களைத்து வெளியே வந்த கையோடு ஓடு பதித்த சுவரின்முன் நின்று தம்மையே ஒரு படம் எடுத்தார். பாவனை செய்யும் தெம்புகூட இல்லாத அந்த நிலையை மற்றவர்களிடமும் காண முடியுமா என்று தேடிப் போனதன் விளைவுதான் மறு ஆண்டு தொடங்கிய கடற்கரைப் படங்கள். பழைய குளம் இப்போது இல்லை. அதே இடத்தில் 2006-இல் திறந்த புதிய கட்டடம் நிற்கிறது. கண்ணாடி வழியே பார்த்தால் பயிற்சிக்கு வந்த சிறுவர்கள் வரிசையில் நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பிற்பகலில் ரைக்ஸ் அருங்காட்சியகம். நகரக் காவல்படையினரை ரெம்பிராண்ட் குழுவாக வரைந்து 1642-இல் முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தைச் சுற்றி 2019 ஜூலையில் கண்ணாடி அறை எழுப்பி ஆய்வைத் தொடங்கினார்கள். மக்கள் அதன்முன் கூட்டமாக நின்று கைப்பேசியை உயர்த்துகிறார்கள். ரெம்பிராண்ட் இறந்து 350 ஆண்டுகள் நிறைந்த அந்த ஆண்டிலேதான் டைக்ஸ்ட்ராவும் இக்கூடத்தில் தம் காணொளியைப் பதிவு செய்தார். பார்வையாளர்கள் வெளியேறிய மாலை வேளைகளில் பள்ளி மாணவிகள், ஜப்பானிய வணிகர்கள், ஓவியர்கள் எனப் பதினான்கு குழுக்களை வரவழைத்து, ஓவியத்தைப் பார்த்தபடி பேசச் சொன்னார். இதிலும் ஓவியம் நம் கண்ணுக்குத் தெரியாது. மூன்று திரைகளில் வரிசையாக நிற்கும் முகங்கள் மட்டுமே தெரியும். அந்த வரிசையே ஒரு காவல்படையின் குழு ஓவியம்போல் அமைந்திருப்பதை இந்தக் கூடத்தில் நின்று யோசிக்கும்போதுதான் முழுமையாக உணர்கிறேன்.

கண்ணாடிக்கு அருகே போய் நின்றால் ஓவியத்தின் பின்பகுதியிலுள்ள வளைவில் ஒரு கேடயம் தெரிகிறது. அதில் பதினெட்டுப் பெயர்கள். ஓவியம் முடிந்து சில காலம் கழித்துச் சேர்க்கப்பட்டவை. தங்கள் உருவம் இடம்பெறுவதற்குப் பணம் கொடுத்தவர்கள், தங்களை இன்னார் என்று பின்னால் வருகிறவர்கள் அறிய வேண்டும் என்று விரும்பியிருக்கிறார்கள். டைக்ஸ்ட்ராவின் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கேடயமும் இல்லை, பெயரும் இல்லை, அவர்கள் யாரும் காசு கொடுக்கவும் இல்லை. ஏறக்குறைய ஆளுயரத்துக்கு அச்சிடப்பட்ட அப்படங்களில் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் நிமிர்வோ பதினேழாம் நூற்றாண்டில் நகரப் பெருஞ்செல்வர்கள் விலைகொடுத்து வாங்கியதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் ஃபோண்டல் பூங்கா. ஊரைப் படத்துக்குள் அனுமதிக்காதவர் மரங்களுக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார் என்று தோன்றுகிறது. 2000-களில் இங்கே எடுத்த வண்ணப் படங்களில் மரமும் புல்லும் நிழலும் சட்டகத்தின் பெரும்பகுதியை நிறைக்க, இளைஞர்கள் நடுவில் அமர்ந்திருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆதலால் புல்வெளியில் இடமே இல்லை. ஒலிபெருக்கிகளில் இசை, கரியடுப்புப் புகை, கவிழ்த்துப் போட்ட சைக்கிள்கள். இவ்வளவு கூட்டத்திலும் ஒவ்வொரு குழுவும் தன் விரிப்பின் ஓரத்தோடு உலகம் முடிந்துவிட்டதுபோல் உட்கார்ந்திருக்கிறது.

திங்கள், லெய்டன்

1994 மார்ச் 14 அன்று லெய்டனிலிருந்த அகதிகள் மையத்தில், போஸ்னியப் போரிலிருந்து தப்பிவந்த குடும்பத்தின் ஆறு வயதுச் சிறுமியை டைக்ஸ்ட்ரா படம் எடுத்தார். நாற்காலியில் நல்ல உடை அணிந்து அமர்ந்திருக்கிறாள். கால்கள் தரையைத் தொடவில்லை. ஒரு படத்தோடு முடிந்திருக்க வேண்டியது, ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் மீண்டும் அவளைத் தேடிப் போய், 2008 வரை பதினொரு படங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் அவள் ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். நாற்காலி மாறுகிறது, உடை மாறுகிறது, முடியின் நிறம் மாறுகிறது, உதட்டுச்சாயம் வருகிறது, நடுவே ஒரு படத்தில் கால்கள் தரையைத் தொட்டுவிடுகின்றன. கடைசிப் படத்தில் மடியில் அவளுடைய குழந்தை.

கடற்கரைப் படங்களை விடவும் இந்த வரிசைதான் டைக்ஸ்ட்ராவின் உச்சம் என்பது என் முடிவு. ஒரு நாட்டுக்குள் வந்துசேர்ந்த குழந்தை அந்நாட்டுப் பெண்ணாக மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது, அதற்கு என்னென்ன கைவிடப்படுகின்றன, என்னென்ன எடுத்துக்கொள்ளப்படுகின்றன என்பதையெல்லாம் ஒரு நாற்காலியையும் ஒரு சுவரையும் மட்டும் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டார். அந்தப் பெண் இன்று தம் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர். ஆகவே அவரைப் பற்றியோ அந்த மையம் இருந்த இடத்தைப் பற்றியோ நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. கால்வாய் ஓரமாக நடந்து, பல்கலைக்கழகத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நடக்கும்போது நினைவில் வந்த ஒன்றை இங்கே குறித்துவைக்கிறேன். இந்நாடு அகதிகளைத் தங்கவைப்பதற்கென்று தனி ஏற்பாட்டை 1985-இல் வகுத்தது, இலங்கைப் போரிலிருந்து தப்பிவந்த தமிழர்களை முன்னிட்டுத்தான். படுக்கை, குளியல், ரொட்டி ஆகிய மூன்றுக்கு மேல் பெரிதாக எதையும் தராத ஏற்பாடு அது. அந்தப் போஸ்னியச் சிறுமி அமர்ந்திருந்தது போன்ற நாற்காலிகளில் அவளுக்குப் பத்தாண்டு முன்பே நம் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கால் தரையைத் தொட்ட ஆண்டைக் குறித்துவைக்க ஒருவர் வந்து வந்து போயிருந்தால் எவ்வளவு நன்றாயிருந்திருக்கும் என்ற ஏக்கம் நாள் முழுவதும் என்னோடு இருந்தது.

செவ்வாய், டி பான்ன

ஆண்ட்வெர்ப், கெண்ட் வழியாக ரயிலில் வந்து, பெல்ஜியத்தின் மேற்குக்கோடியில் இறங்கினேன். இங்கிருந்து நெதர்லாந்து எல்லையருகேயுள்ள நோக்க வரை 67 கிலோமீட்டருக்குக் கடலோரமாகவே டிராம் ஓடுகிறது. 1992 ஆகஸ்ட் 7 அன்று டைக்ஸ்ட்ரா படம் எடுத்த கரை இது. நீர் வற்றும் நேரத்தில் மணல் எவ்வளவு தூரம் விரிகிறது என்றால், சக்கரம் பூட்டிய பாய்மர வண்டிகளை அதன்மேல் ஓட்டுகிறார்கள். முதுகுக்குப் பின்னே நீண்ட அடுக்குமாடிச் சுவர், முன்னே வெறும் மணலும் நீரும். கேமராவை இங்கே கடலை நோக்கித் திருப்பினால் எதையும் விலக்க வேண்டிய அவசியமே இல்லை.

டைக்ஸ்ட்ரா விலக்காமல் விட்டது ஒன்று உண்டு; அதுதான் நீச்சலுடை. பெர்லின் சுவர் விழுந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. ஹில்டன் ஹெட் தீவில் நிற்கும் பெண் ஆரஞ்சு நிற இரட்டை உடை அணிந்து, ஒப்பனை செய்து, காற்றில் பறக்கும் முடியைக் கையால் ஒதுக்கி, விளம்பரங்களில் பார்த்துப் பழகிய ஒரு நிலையை எட்டப் பார்க்கிறாள். கம்யூனிச ஆட்சி அப்போதுதான் முடிந்திருந்த போலந்தின் கொவோப்ஷெகில் நிற்கும் பெண்ணோ நனைந்து உடலோடு ஒட்டிய வெளிர்பச்சை ஒற்றை உடையில், அப்படியொரு நிலை இருப்பதையே அறியாதவளாக, இடுப்பை ஒருபக்கம் ஒசித்து நிற்கிறாள். இத்தாலிய ஓவியர் போத்திச்செல்லி வரைந்த வீனஸ் தேவதை அப்படித்தான் நிற்கிறாள் என்று விமரிசகர்கள் எழுதினார்கள். இரண்டு அரசியல் அமைப்புகள் இரண்டு பெண்களின் உடையிலும் நிற்கும் வாகிலும் தங்கிவிட்டன. ஊரை முழுவதும் கழித்துவிட்டதால்தான் அந்தச் சிறிய வேறுபாடு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பது இத்தனை ஊர்களையும் பார்த்தபின் எனக்கு உறுதியாகிவிட்டது.

இன்று இந்தக் கரையில் அதே வேறுபாட்டைத் தேடினேன். பிரைட்டனிலும் ஃபோண்டல் பூங்காவிலும் பார்த்த அதே நீச்சலுடைகள், அதே மூன்று கோடு போட்ட செருப்புகள், அதே நீர்ப்புட்டிகள் இங்கும் கிடந்தன. என் அருகே பதின்மூன்று பதினான்கு வயது மதிக்கத்தக்க இரு பெண்கள் ஒருவரையொருவர் கைப்பேசியில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முகவாயைத் தாழ்த்தி, ஒரு காலை முன்வைத்து, தோளைத் திருப்பி, இமைக்கும் நேரத்தில் அந்த நிலைக்கு வந்தாள். எடுத்து முடித்ததும் அதே வேகத்தில் அதைக் கலைத்துவிட்டுத் தோழியின் கையிலிருந்த திரையை நோக்கி ஓடினாள். 1992-இல் ஹில்டன் ஹெட் பெண் திணறியது எந்த நிலைக்காகவோ, அது இன்று எல்லாக் கரையிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். உடையை வைத்து ஊரைச் சொல்லக்கூடிய காலம் போய்விட்டது. இந்தத் தலைமுறையை அதே முறையில் ஒருவர் எடுக்க முன்வந்தால், அந்த மனப்பாட நிலை சலித்துக் கலையும் வரை கேமராவின் கறுப்புத் துணிக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும், டைக்ஸ்ட்ரா காத்திருந்ததை விடவும் நீண்ட நேரம்.